மேடு பள்ளமான உள்சுவரை மட்டம் பிடிப்பது எப்படி: தூக்குக்குண்டு முதல் பட்டி வரை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர். 1987-ல் எழுப்பியது. பகலில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டைப் புதுப்பிக்கும்போது அதன் ஓரமாக எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்று மாட்டினோம். அன்று ராத்திரி சுவிட்சைப் போட்டதும் சுவர் முழுக்கத் திட்டுத்திட்டாக நிழல். பெயிண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டு கோட்டு பட்டி பாத்தா சரியாயிடும் சார்" என்றார். நாலு கோட்டு பார்த்தார். அடுத்த மழைக்காலத்தில் பட்டி அப்பளம் அப்பளமாகக் கழன்று சோபாவில் விழுந்தது.

பிறகுதான் வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். சிமெண்ட் எத்தனை மூட்டை வாங்கட்டும் என்று கேட்டேன். "இருங்க தம்பி, சுவத்துக்கு வயிறு எங்க இருக்குன்னு மொதல்ல பாப்போம். கலவை அப்புறம்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து நூலையும் தூக்குக்குண்டையும் எடுத்தார். அந்த ஒரு நாள் அளவெடுப்பில் கற்றதுதான் இந்தக் கட்டுரையில் பாதி.

பட்டியால் ஆகாத வேலை

வெள்ளை சிமெண்ட் பட்டியின் வேலை சுவரை வழவழப்பாக்குவது. இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மி.மீ. தடிப்புக்கு மேல் போகக்கூடாது. 5 மி.மீ. பள்ளத்தை அதால் நிரப்பினால் காயும்போது சுருங்கி வெடிக்கும், இல்லாவிட்டால் பாளமாகக் கழன்று வரும். எதற்கு எது என்று தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றரை மி.மீ. வரை பட்டி, அதற்கு மேல் 8 மி.மீ. வரை லெவலிங் பிளாஸ்டர் என்று கடையில் கிடைக்கும் சொரசொரப்பான பொருள்; அதையும் தாண்டினால் சிமெண்ட் சாந்தோ ஜிப்சம் பூச்சோ; 40 மி.மீ.-க்கு மேல் போனால் பூச்சையே மறந்துவிட்டு இரும்புச் சட்டம் அடித்து ஜிப்சம் போர்டு மாட்டுவது. கடைசி வழியில் அறை மூன்று நான்கு அங்குலம் சுருங்கும். ஆனால் சுவர்மேல் பாரம் ஏறாது.

மட்டம் வேறு, தூக்கு வேறு

இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாமல் பத்து மூட்டை சிமெண்டைச் சுவரில் அப்புகிறார்கள். சுவர் மேடு பள்ளம் இல்லாமல் ஒரே தளமாக இருப்பது மட்டம். தரைக்குச் செங்குத்தாக நிற்பது தூக்கு. ஒரு சுவர் கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தும், பத்தடி உயரத்தில் 15 மி.மீ. சாய்ந்து நிற்கலாம். அந்தச் சாய்வைக் கண் கண்டுபிடிக்காது. மேடு பள்ளத்தை மட்டும் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆகவே சாதாரணக் கூடத்துச் சுவருக்கு மட்டம் போதும். அலமாரி பதிக்கிற சுவர், டைல் ஒட்டுகிற சுவர், கதவு நிலை வருகிற சுவர், சமையல் மேடை சேர்கிற மூலை ஆகிய இடங்களில் தூக்கும் வேண்டும், மூலைமட்டமும் வேண்டும். மூலை சரியா என்று பார்க்க 3-4-5 கணக்கு போதும்: ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்தால் குறுக்கே சரியாக 5 அடி வரவேண்டும்.

சுவர் ஏன் கோணுகிறது என்பதற்கும் ஒரு வார்த்தை. சூளையில் வெந்த செங்கல் ஒன்று போல ஒன்று இருக்காது. 9 அங்குலச் சுவர் கட்டும்போது கொத்தனார் நூல் பிடிப்பது ஒரு பக்கத்துக்குத்தான். கல்லின் நீளத்தில் இருக்கும் வித்தியாசமெல்லாம் மறுபக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பொதுவாக நூல் பிடித்த பக்கத்துக்கு 12 மி.மீ. பூச்சும், மறுபக்கத்துக்கு 15 மி.மீ. பூச்சும் போடுவது இதனால்தான். உங்கள் வீட்டில் ஒரே சுவர் கூடத்துப் பக்கம் ஒழுங்காகவும் படுக்கையறைப் பக்கம் கோணலாகவும் இருந்தால், பழைய கொத்தனாரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தட்டிப் பாருங்கள்

அளவெடுப்பதற்கு முன், சுத்தியலின் கட்டைப் பிடியால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். கெட்டியாக இருக்கும் இடம் 'டக்' என்று அடங்கிக் கேட்கும். பூச்சு கல்லை விட்டுக் கழன்ற இடம் காலி டப்பா மாதிரி ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, அத்தனையையும் கல் தெரியும் வரை பெயர்த்துவிட வேண்டும். பொத்தல் பூச்சின் மேல் புதுப்பூச்சு போட்டால் இரண்டும் சேர்ந்து விழும்.

அடுத்தது ஓதம். சுவரின் அடியில் இரண்டு மூன்றடி உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. குழாய் ஒழுகலா, மாடித் தண்ணீரா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று கண்டுபிடித்து அடைக்காமல் மட்டம் பிடிப்பது வீண் செலவு. எங்கள் பட்டி கழன்றதற்குக்கூட தடிப்பு மட்டும் காரணமில்லை. சுவரின் மறுபக்கம் குளியலறை.

விரிசலையும் கவனியுங்கள். தலைமுடி போன்ற வலைப்பின்னல் விரிசல் பூச்சோடு போய்விடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், விரல்நகம் உள்ளே போகும் விரிசல் இவை வேறு விஷயம். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் சில்லு உடைந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது. அப்போது கூப்பிட வேண்டியது கட்டடப் பொறியாளரை.

வீடு மிகப் பழையது, காரைச் சுவர் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். சுண்ணாம்புக் காரை மென்மையானது, ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் காரையையும் கல்லையும் தின்னும். அங்கே சுண்ணாம்புச் சாந்துதான் போடவேண்டும், அது தெரிந்த ஆளும் வேண்டும்.

அளவெடுப்பது: ஒரு நாள் போனாலும் பரவாயில்லை

தூக்குக்குண்டோடு ஒரு சின்னக் கட்டை வரும். கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்று. நூல் கட்டையின் நடுவே போகும். கட்டையின் விளிம்பைச் சுவரின் மேல்பாகத்தில் ஒட்டிப் பிடித்து, குண்டைத் தரைக்கு அருகில் தொங்க விடுங்கள். ஆடி அடங்கட்டும். குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் தூக்கு சரி. சுவருக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் சுவரின் தலை அறைக்குள் சாய்ந்திருக்கிறது. குண்டு சுவரில் முட்டிச் சாய்ந்து கிடந்தால் கால் துருத்தியிருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எனக்கு முதல் பத்து நிமிடம் ஒரு அளவுகூட நிற்கவில்லை, காரணம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு நூல் கட்டுவது. சுவரின் நாலு மூலையிலும் ஆணி அடித்து, சுவரை விட்டு 30 மி.மீ. தள்ளி மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் இழுங்கள். தூக்கும் வேண்டிய சுவர் என்றால் மேல் நூலிலிருந்து குண்டு விட்டு அதற்கு நேராகக் கீழ் நூலைத் தள்ளி வைக்க வேண்டும். அப்போது கீழே 30 என்ற கணக்கு மாறும். மட்டம் மட்டும் போதும் என்றால் குறுக்கு நூல் சோதனை செய்யுங்கள்: எதிரெதிர் மூலை ஆணிகளில் பெருக்கல் குறி போல இரண்டு நூல் கட்டினால், நடுவில் இரண்டும் லேசாக உரசவேண்டும். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டாலோ, ஒன்று மற்றதை அழுத்தினாலோ நாலு மூலையும் ஒரே தளத்தில் இல்லை, ஒரு ஆணியை நகர்த்த வேண்டும். லேசர் மட்டம் இருந்தால் இதையெல்லாம் அரைமணியில் முடிக்கலாம். என்னிடம் இல்லை.

இனி மேல் நூலுக்கும் கீழ் நூலுக்கும் நடுவே மட்டக்கோலையோ இன்னொரு நூலையோ பிடித்து, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மூன்று நாலு அடிக்கு ஓரிடமாக அளந்து சுவரிலேயே எழுதுங்கள். எங்கள் சுவர் 12 அடி நீளம், ஒன்பதரை அடி உயரம். அதில் வந்த கணக்கு மி.மீ.-ல்:

மேல் வரிசை: 30, 27, 26, 31
நடு வரிசை: 28, 19, 17, 29
கீழ் வரிசை: 33, 31, 34, 38

எண் குறைந்த இடம் மேடு, கூடிய இடம் பள்ளம். பார்த்தவுடனே தெரிகிறது: நடு வரிசையில் 19, 17 என்று இருப்பதுதான் கொத்தனார் சொன்ன வயிறு.

கொத்துவதா, பூசுவதா

இந்த முடிவில்தான் காசு இருக்கிறது. மிக உயர்ந்த மேட்டின் மேலும் 8 மி.மீ. பூச்சாவது இருக்கவேண்டும் என்று வைத்தோம். 17 என்ற மேட்டை அப்படியே விட்டால் முடிவுத் தளம் நூலிலிருந்து 9 மி.மீ.-ல் வரும். அப்போது கீழ் மூலையில் பூச்சு 29 மி.மீ.; சுவர் முழுக்கச் சராசரி கிட்டத்தட்ட 20 மி.மீ.

அந்த வயிற்றில் மட்டும் சின்னதாகக் குடைந்து பார்த்தோம். பழைய பூச்சே 22 மி.மீ. தடிப்பு! கல் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது, கோணலாக்கியது பூச்சு. 19-ஐயும் 17-ஐயும் 26 ஆகும் வரை செதுக்கினோம். முடிவுத் தளம் 18-க்குப் போனது. பூச்சின் சராசரி 12 மி.மீ.-க்கு இறங்கியது, கீழ் மூலையிலேயே 20 தான். ஒரு ஆள் அரைநாள் கொத்தியதில் ஐந்தில் இரண்டு பங்கு கலவை மிச்சம். சுவரில் ஏறியிருக்க வேண்டிய பாரத்தில் ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல் குறைந்தது.

எல்லா மேட்டையும் இப்படிக் கொத்திவிட முடியாது. துருத்துவது கான்கிரீட் தூணோ உத்தரமோ என்றால் உளி வைக்காதீர்கள். கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் மூடல்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. அதையே மிக உயர்ந்த புள்ளியாக வைத்து மற்றதை அதற்கு ஏற்றுங்கள். முடிவுத் தளம் கதவு நிலையின் முகத்தைத் தாண்டுகிறதா, சுவிட்ச் பெட்டி உள்ளே புதைந்துவிடுமா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். பூசிய பிறகு நிலை குழிக்குள் போன மாதிரி தெரிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

சுவரைத் தயார் செய்வது

கொத்துவதற்கு முன் அந்த அறையின் மின்சாரத்தை மெயின் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் உள்ளே ஒயர் குழாய் ஓடும். அங்கே வெட்டிரும்பை ஓங்கி அடிக்கக்கூடாது.

பெயிண்ட், டிஸ்டெம்பர், வெள்ளை, பழைய பட்டி எல்லாவற்றையும் சுரண்டியாக வேண்டும். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கெட்டியாக இருக்கும் பழைய பூச்சின் மேல் கைவிரல் இடைவெளியில் கொத்துப் போடவேண்டும். வழவழப்பான முகத்தில் புதுச்சாந்துக்குப் பிடிமானம் இல்லை. செங்கல் தெரிந்த இடத்தில் இணைப்புச் சாந்தை 10 மி.மீ. ஆழத்துக்குக் கிளறிவிடுங்கள். செங்கலும் கான்கிரீட்டும் சேரும் கோட்டில் கோழிவலைக் கம்பியை இரு பக்கமும் 15 செ.மீ. வருமாறு ஆணியடித்துப் பதித்தால், பின்னால் அந்தக் கோட்டில் விரிசல் விடுவது பெருமளவு குறையும். கடைசியாக இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியைக் கழுவிவிட்டு, முந்தின நாள் சாயங்காலமே சுவரை நன்றாக நனையுங்கள். பூசும்போது சுவர் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் வழியக்கூடாது. ஏ.ஏ.சி. கல் (காற்றுக்குமிழி நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவர் என்றால் லேசாகத் தெளித்தால் போதும்.

பழைய பூச்சின் மேல் பூசுவதால் நாங்கள் லேடெக்ஸ் பாண்டிங் திரவம் கலந்த சிமெண்ட் பாலைப் பிரஷ்ஷால் அடித்தோம். அது காய்வதற்குள் சாந்து ஏறவேண்டும். அடித்துவிட்டு டீ குடிக்கப் போனால் பிடிமானத்துக்குப் பதில் வழுக்கல்தான் மிஞ்சும். அதனால் நாலடிக்கு நாலடி என்று அடித்தபடியே போங்கள்.

புள்ளி, பட்டை, பூச்சு

கலவை 1:5, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல். மணலுக்குப் பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்ட். எம்-சாண்ட் கட்டுவேலைக்கு, அதில் பருமணல் அதிகம். 100 சதுர அடிக்கு 12 மி.மீ. பூச ஏறத்தாழ ஒரு மூட்டை சிமெண்டும் 6 கன அடி மணலும் பிடிக்கும். தண்ணீர் விட்ட கலவையை அரைமணி, மிஞ்சினால் முக்கால் மணிக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பதைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

முதலில் புள்ளி வைப்பது. முடிவுத் தளத்துக்குச் சரியாக வருமாறு உள்ளங்கை அளவு சாந்தில் ஓட்டுத்துண்டோ டைல் சில்லோ பதித்து, நூலுக்கும் சில்லுக்கும் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும்படி தட்டித்தட்டி அமுக்க வேண்டும். எங்கள் சுவரில் அந்த இடைவெளி 18 மி.மீ. கொத்தனார் 18 மி.மீ. தடிப்புள்ள ஒரு பிளைவுட் துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு புள்ளியிலும் நூலுக்கு அடியில் அதைச் செருகிப் பார்ப்பார். டேப்பை எடுக்கவே இல்லை.

மேலும் கீழும் உள்ள புள்ளிகளை இணைத்து நாலு விரல் அகலத்தில் சாந்துப் பட்டை போடுங்கள். பட்டைக்குப் பட்டை ஐந்தடிக்குள் இருக்கட்டும். 2 மீட்டர் அலுமினிய மட்டக்கோல் இரண்டு பட்டைகளின் மேலும் தாராளமாக உட்கார வேண்டும். பட்டை இறுகிய பிறகுதான் நடுவில் நிரப்புவது.

15 மி.மீ.-க்கு மேல் தடிப்பு வரும் இடங்களை ஒரே மூச்சில் பூசக்கூடாது, தன் பாரத்திலேயே தொங்கிவிடும். எங்கள் கீழ் மூலைக்கு முதல் நாளே 10 மி.மீ. பூசி, கரண்டி நுனியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு இரண்டு நாள் விட்டோம். பிறகு மொத்தச் சுவருக்கும் மேல் பூச்சு.

சாந்தைத் தடவாதீர்கள், கரண்டியால் வீசி அடிக்க வேண்டும். அந்த அடியில்தான் காற்று வெளியேறிக் கல்லோடு கவ்வும். பட்டையின் உயரத்துக்குச் சற்று மேலாக நிரப்பி, மட்டக்கோலைக் கீழிருந்து மேலாக, இடதும் வலதுமாக அரக்கி இழுத்தால் மிச்சம் வழித்துக்கொண்டு வரும். பள்ளம் தெரிந்த இடத்தில் மறுபடி வீசி மறுபடி இழுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் லேசாக மட்டும் விழும் பதத்தில் மணியாசுக் கட்டையால் (கைப்பிடி வைத்த தேய்ப்புப் பலகை) வட்டமாகத் தேய்க்கலாம்.

இந்தக் கட்டத்தில் பல கொத்தனார்கள் செய்யும் ஒரு காரியம், ஈரம் இழுக்கட்டும் என்று வெறும் சிமெண்டைப் பிடி பிடியாகச் சுவரில் தூவித் தேய்ப்பது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் மேல்தோல் மட்டும் சிமெண்ட் கூடிப்போய், உள்ளே இருக்கும் சாந்தைவிட அதிகம் சுருங்கி, வலைப்பின்னலாக வெடிக்கும். வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

ஜிப்சம் எப்போது

சுவர் நன்றாகக் காய்ந்திருந்து, தண்ணீர் படாத அறையாக இருந்தால் ஜிப்சம் பூச்சு வசதி. கலந்து அரைமணிக்குள் இறுகும், தண்ணீர் அடிக்க வேண்டியதில்லை, பட்டியும் பெரும்பாலும் தேவைப்படாது. 25 கிலோ மூட்டை, 12 மி.மீ. தடிப்பில் 20 சதுர அடி சுமாருக்கு வரும். புள்ளியும் பட்டையும் இதற்கும் அதேதான். குளியலறைக்கு முதுகைக் காட்டி நிற்கும் எங்கள் சுவருக்கு நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஈரம் பட்டால் ஜிப்சம் ஊறி உதிரும்.

தண்ணீர், காத்திருப்பு, பட்டி

வெளிச்சுவருக்குத் தண்ணீர் அடிப்பவர்கள் உள்சுவரை மறந்துவிடுகிறார்கள். பூசிய மறுநாளிலிருந்து ஏழு நாள், காலை மதியம் மாலை தெளிக்க வேண்டும். அந்த வாரம் மின்விசிறி வேண்டாம். சோபாவை வெளியேற்ற மனமில்லாமல் மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்தினால், நகத்தால் சுரண்டினாலே மணலாக உதிரும் சுவர்தான் கிடைக்கும்.

அதன்பின் மூன்று நான்கு வாரம் காயவிடுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கூட. இப்போது பட்டிக்கு உரிய நேரம். எமரி ஷீட்டால் தளர்ந்த மணலைத் தேய்த்து உதிர்த்து, சுவரை லேசாக நனைத்து, முதல் கோட்டைக் கீழிருந்து மேலாக இழுத்து, காய்ந்ததும் இரண்டாவது. பொடிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது மூட்டையிலேயே இருக்கும். கலந்தது மூன்று மணி நேரத்துக்குள் தீரட்டும். மட்டமான சுவரில் பட்டி எவ்வளவு குறைவாகப் பிடிக்கிறது என்பதைப் பார்த்துப் பெயிண்டருக்கே ஆச்சரியம்.

பிரைமர் அடிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை மிச்சம். இருட்டியதும் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சுவரை ஒட்டியே ஓடவிடுங்கள். நிழல் விழும் இடத்தில் மட்டக்கோலை வைத்து அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஆறரை அடி கோலுக்கு அடியில் 3 மி.மீ. வரை நான் விட்டுவிடுவேன். அதற்கு மேல் போனால் சாக்பீஸால் வட்டம் போட்டு மறுநாள் காலையில் தேய்க்கவோ பட்டி தொட்டு நிரப்பவோ சொல்லுங்கள். எங்கள் சுவரில் ஐந்து வட்டம் விழுந்தது, நாலு சுவிட்ச் பெட்டியைச் சுற்றி. கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் கடைசித் தவணைப் பணத்தை அந்த டார்ச் சோதனை முடிகிற வரை கையில் வைத்திருங்கள். பகல் வெளிச்சத்தில் கணக்கை முடிக்காதீர்கள்.